‘சாக்’: மூட்டையா, சூறையா?

அமெரிக்கக் கால்பந்து வர்ணனையில் ஓயாமல் காதில் விழும் சொல் ‘சாக்’. பந்தை வீசுவதற்காகக் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கை, அவர் வீசுவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டிலோ அதற்குப் பின்னாலோ மடக்கி வீழ்த்துவதுதான் சாக். விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த ஆட்டம். 7 கெஜம் பின்னால் விழுந்தால் அந்த 7 கெஜமும் போயிற்று, கையிலிருந்த நான்கு வாய்ப்புகளில் ஒன்றும் போயிற்று. மைதானத்தின் கடைசியில் தன் அணி காக்கும் எல்லைப் பகுதிக்குள்ளேயே விழுந்தால் எதிரணிக்கு 2 புள்ளி.

எல்லா வீழ்த்தலும் சாக் ஆகாது. ஓடுவதற்கென்றே வகுத்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கைப் பின்னால் பிடித்தால், கணக்கில் அது வெறும் இழப்புப் பிடி. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு 0.5. என்.எஃப்.எல். என்ற தொழில்முறைப் போட்டிகளில் இழந்த கெஜங்களை அணியின் வீச்சுக் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரிப் போட்டிகளில் ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகப் பெரும்பாலோர் சொல்வது, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் டீக்கன் ஜோன்ஸை. இயற்பெயர் டேவிட் ஜோன்ஸ். 1938இல் ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். தொலைபேசிப் புத்தகத்தில் டேவிட் ஜோன்ஸ்கள் மலிந்திருந்ததால் ‘டீக்கன்’ என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டார். பெயர் வைப்பதில் கைதேர்ந்தவர்தான்! ஒரு நகரத்தைப் படை புகுந்து சூறையாடுவதை ஆங்கிலத்தில் ‘சாக்’ என்பார்கள், அதைத்தான் குவார்ட்டர்பேக்குக்குச் செய்கிறோம் என்பது அவர் தந்த விளக்கம். தலைப்புக்கு அடங்கும் குட்டிச் சொல் என்பதால் பத்திரிகைகளுக்கும் வசதி.

எதிர்வழக்கும் உண்டு. ஜோன்ஸின் பயிற்சியாளராக இருந்த ஜார்ஜ் ஆலன், டல்லஸ் அணியின் குவார்ட்டர்பேக் கிரெய்க் மோர்ட்டனைப் பற்றி, ‘மோர்ட்டன் உப்பைச் சாக்கில் கொட்டிவிடுவோம்’ என்ற பொருளில் கிண்டலடித்தாராம். மோர்ட்டன் என்பது அங்கே பெயர்பெற்ற உப்பு நிறுவனம். அந்தக் கணக்கில் சாக் என்பது மூட்டை.

வேரைத் தோண்டினால் இரண்டும் ஒன்றுதான். செமித்திய மொழியிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக ஐரோப்பாவில் பரவிய பைப்பெயர் இது. ஊரைக் கொள்ளையடித்து மூட்டையில் கட்டுவதை ‘பையிலிடுதல்’ என்று இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் சொல்லப்போய், பையே கொள்ளையாயிற்று. நம் சாக்கும் இந்தக் குடும்பத்து உருப்படிதான். டச்சுக்காரரின் ‘ஸாக்’ வழியாகத் தமிழுக்கு வந்தது என்பார்கள்.

ஜோன்ஸ் ஆடியது தற்காப்பு வரிசையின் இடது ஓரத்தில். வலக்கைக்கார குவார்ட்டர்பேக் பந்தை வீசத் திரும்பி நிற்கும்போது முதுகு காட்டுவது மறுபக்கத்துக்கு. அதாவது, கண்ணெதிரே வந்துதான் இவர் ஆளை வீழ்த்தியாக வேண்டும். 6 அடி 5 அங்குல உயரம், ஆளுக்குப் பொருந்தாத வேகம். கூடவே தலை அறை: பந்து நகர்ந்த கணமே, மறிப்பவரின் தலைக்கவசத்தில் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓர் அறை. கவசத்துக்குள் சத்தம் அதிரும், கண் தானாக மூடும். அந்த இமைப்பொழுது போதும், தாண்டிவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஜோன்ஸ் அல்லர். சக ஆட்டக்காரர் ரோசி கிரியருக்கே அந்தப் பெருமையை அவர் கொடுத்தார். 1977இல் இந்த அறை தடைசெய்யப்பட்டது.

சாக்கைத் துரத்துவதில் சறுக்கலும் உண்டு. அளவுக்கு மீறி வெளிவட்டமாக ஓடினால், குவார்ட்டர்பேக் ஓரடி முன்னே நகர்ந்து தப்பிவிடுவார். உள்ளே வெட்டினால் ஓரம் திறந்துவிடும். பாய்ந்து வருபவரை வேண்டுமென்றே வரவிட்டு, அவர் தலைக்கு மேலே குட்டி வீச்சாகப் பந்தைக் கடத்துவதும் பழகிய தந்திரம்.

புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் 1961 தேர்வில், 14ஆம் சுற்றில்தான் ராம்ஸ் ஜோன்ஸை எடுத்தது. அதற்கு முன், கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகத் தென் கரோலினாக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்திருந்தார். 1971 வரை ராம்ஸ், பிறகு 2 ஆண்டு சான் டியேகோ, 1974இல் வாஷிங்டன். 1980இல் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது, 2013இல் மறைந்தார்.

வேடிக்கை என்னவென்றால், என்.எஃப்.எல். தனிநபர் சாக்குகளை எண்ணத் தொடங்கியதே 1982இல். பெயர் கொடுத்தவரின் பேரில் அதிகாரபூர்வமாக ஒன்றுகூட இல்லை! ஆய்வாளர்கள் பழைய ஆட்ட ஏடுகளைப் புரட்டிச் சேர்த்த கணக்கு 173.5. புரூஸ் ஸ்மித்தின் 200, ரெஜி வைட்டின் 198 ஆகியவற்றுக்கு அடுத்த இடம்.

தமிழில் என்ன சொல்லலாம்? கணினி மொழிபெயர்ப்பை நம்பினால் கோணிப்பையோ பணிநீக்கமோ வந்து விழும். ‘வீழ்த்தல்’ பொதுச்சொல், எந்த ஆட்டக்காரரையும் வீழ்த்தலாம். ஜோன்ஸ் நினைத்த பொருளுக்கு ‘சூறை’ அச்சாகப் பொருந்துகிறது. மாற்றார் ஊரைக் கொள்ளையிடுவதற்கு மழபுல வஞ்சி என்று தனித் துறையே வகுத்த மொழி நம்முடையது. சூறைக்காற்றின் வேகமும், சூறைத்தேங்காய் சிதறும் ஓசையும் இலவசம். கபடியிலிருந்து ‘பிடி’யைச் சேர்த்தால் ‘சூறைப்பிடி’. இருவர் பங்கிட்டால் அரைச்சூறை. பிடியில் பந்து கைநழுவினால் பறிசூறை. ‘இரண்டாம் பாதியில் மூன்று சூறைப்பிடிகள், 19 கெஜம் இழப்பு’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது.