ரெட்கான்: முன்கதைத் திருத்தம்

ஒரு தொடரில் ஏற்கெனவே சொல்லி முடித்த கதைக்கு, பின்னால் வரும் பகுதி ஒன்று புதுத் தகவல் சேர்த்து வேறு பொருள் கொடுத்தால் அதற்கு ரெட்கான் என்று பெயர். பழைய காட்சியை யாரும் வெட்டுவதில்லை, மறுபடி படம்பிடிப்பதும் இல்லை. அது அப்படியே கிடக்கும், அர்த்தம் மட்டும் மாறிவிடும். அறிவியல் புனைவுத் தொடர்களின் ரசிகர்கள் விடிய விடியச் சண்டை போட இந்த ஒரு சொல் போதும்.

பெரும்பாலானவர்கள் சொல்லும் உதாரணம் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனம். 1967-இல் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது அவர்கள் மாநிறப் பூச்சு, அடர்ந்த புருவம், மீசை, தாடி வைத்த மனிதர்கள், அவ்வளவுதான். ஒப்பனைக்குப் பெரிதாகச் செலவழிக்க வழியில்லாத காலம் அது. 1979-இல் திரைப்படம் வந்தபோது பணம் இருந்தது, நெற்றியில் எலும்பு மேடு முளைத்துவிட்டது. ஏன் என்று கதையில் யாரும் வாய் திறக்கவில்லை.

1996-இல் அதே வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் குழுவினர் காலத்தில் பின்னோக்கிப் பயணித்து, 1967-இல் ஒளிபரப்பான ஒரு பழைய எபிசோடுக்குள்ளேயே போய் இறங்குகிறார்கள். மதுக்கூடத்தில் வழவழ நெற்றியோடு கிளிங்கான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குழுவினர் எல்லோரும் திரும்பி, தங்களோடு வந்திருக்கும் மேட்டு நெற்றிக்காரக் கிளிங்கான் வார்ஃபைப் பார்க்கிறார்கள். மரபணு மாற்றமா என்று ஒருவர் கேட்கிறார், வைரஸ் பாதிப்பா என்று இன்னொருவர். "வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை" என்று வார்ஃப் முடித்துவிடுகிறார். 2005-இல் வந்த 'என்டர்பிரைஸ்' தொடர் அந்த இரண்டு ஊகங்களையும் ஒன்றாக்கியது. மேம்பட்ட மனிதர்களின் மரபணுவை வைத்துக் கிளிங்கான்கள் செய்த பரிசோதனை வைரஸாகப் பரவி நெற்றி மேட்டைக் கரைத்துவிட்டதாம். இது முறையான ரெட்கான். எனக்கென்னவோ இரண்டு எபிசோட் செலவழித்த அந்த விளக்கத்தைவிட வார்ஃபின் ஒற்றை வரிதான் உசத்தி.

இனி சொல்லின் பிறப்பு. 'ரெட்ரோ' என்றால் லத்தீனில் பின்னோக்கி. 'கான்' என்பது தொடர்ச்சியைக் குறிக்கும் 'கன்டினியுட்டி'யின் தலைப்பகுதி. முழு வடிவம் 'ரெட்ரோஆக்டிவ் கன்டினியுட்டி'. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்றொடர் அச்சில் தென்படும் ஆரம்ப இடங்களில் ஒன்று இறையியல் நூல். ஜெர்மானிய இறையியலாளர் பானன்பெர்க்கைப் பற்றி 1973-இல் ஃப்ராங்க் டப்பர் எழுதியது. எதிர்காலத்திலிருந்துதான் கடந்த காலத்துக்குப் பொருள் வருகிறது என்ற கருத்தை விளக்க அங்கே பயன்பட்டது.

காமிக்ஸ் உலகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ராய் தாமஸ். தாம் எழுதிய 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' தொடரின் 1983 பிப்ரவரி இதழில், வாசகர் கடிதப் பகுதியில் இந்தச் சொல்லைக் குறிப்பிட்டார். சான் டியேகோ மாநாட்டில் ரசிகர் ஒருவர் சொல்லக் கேட்டது என்றார். அவருடைய கதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடப்பது. 1940-களில் வந்த பழைய கதைகளின் இடைவெளிகளை அவற்றின் மரியாதை கெடாமல் நிரப்புவதுதான் அவர் வேலை. ஆக, சொல் பிறந்தபோது அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. 1980-களின் இறுதியில் 'ரெட்கான்' என்று சுருங்கிய பிறகுதான், "ரெட்கான் பண்ணிட்டாங்கப்பா" என்ற சலிப்பும் மெல்ல ஒட்டிக்கொண்டது. செயல் மட்டும் சொல்லைவிடப் பழையது. 1893-இல் அருவியில் விழுந்து செத்த ஷெர்லாக் ஹோம்ஸ், விழுந்தது எதிரி மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு 1903-இல் திரும்பி வந்தார்.

ரசிகர்கள் புகாரில் இரண்டு வகை உண்டு. கதை தன்னோடு முரண்படுவது ஒன்று, அறிவியலோடு முரண்படுவது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் பாதி விவாதம் நடக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' கப்பல்கள் ஒளியை முந்திப் போகும் 'வார்ப்' வேகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தொடரின் எழுத்தாளர் கையேட்டுப்படி வார்ப் எண்ணின் முப்படிதான் வேகம். வார்ப் 2 என்றால் ஒளியைப்போல 8 மடங்கு, வார்ப் 3 என்றால் 27 மடங்கு. 1969-இல் ஒருமுறை கப்பல் வார்ப் 14.1-ஐத் தொட்டது, அதாவது சுமார் 2,800 மடங்கு. 1987-இல் அடுத்த தொடர் வந்தபோது அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். வார்ப் 10 என்றால் முடிவிலி வேகம், அதை யாரும் எட்ட முடியாது. அப்படியானால் அந்த 14.1? இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள் என்ற விளக்கம் தொழில்நுட்பக் கையேட்டில்தான் கிடைத்தது. சரி, தீர்ந்தது என்று பார்த்தால் 1994-இல் அதே தொடரின் கடைசி எபிசோடில், எதிர்காலக் கப்பல் ஒன்று வார்ப் 13-இல் போகிறது. 1996-இல் 'வாயேஜர்' தொடரில் ஒருவர் வார்ப் 10-ஐயே தாண்டி, பல்லி மாதிரி ஒரு பிராணியாக மாறுகிறார். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கதை முரணைத்தான் ரெட்கானால் சரிசெய்ய முடியும். இயற்பியலை எழுதியது அந்தத் தொடரின் எழுத்தாளர்கள் இல்லையே! ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்கிறது ஹைசன்பெர்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு. ஆளைத் துகள் துகளாகப் பிரித்து வேறிடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டருக்கு அந்த இரண்டும் வேண்டும். ஆகவே அதற்குள் 'ஹைசன்பெர்க் ஈடுசெய்கருவி' ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது, தொடரின் வடிவமைப்பாளர் மைக்கேல் ஒகுடா, "நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி" என்றாராம். இது ரெட்கான் ஆகாது. தெரிந்தே செய்யும் பூசிமெழுகல்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பின்னோக்கிய தொடர்ச்சி' என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அகவிலைப்படி உயர்வை 'முன்தேதியிட்டு' வழங்குவதாக அரசாணை வருமே, அந்தப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 'முன்தேதியிட்ட தொடர்ச்சி' என்றால் கருவூல வாடை அடிக்கிறது. வார இதழ்த் தொடர்கதைகளின் தலையில் 'முன்கதைச் சுருக்கம்' என்று போடுவார்கள். அதை ஒட்டி 'முன்கதைத் திருத்தம்' என்பதே என் தேர்வு. வினையாகவும் வசதி: "முன்கதையைத் திருத்திவிட்டார்கள்."

'இடைச்செருகல்' இதற்கு ஆகாது. அது பிற்காலத்தவர் பழைய நூலுக்குள் சொல்லாமல் நுழைப்பது, இதுவோ ஊரறியச் செய்வது. நம் மெகா சீரியலின் 'இவருக்குப் பதில் இவர்' அட்டையும் ரெட்கான் இல்லை, ஏனென்றால் அது கதைக்குள் எந்தக் காரணமும் சொல்வதில்லை. டாக்டர் என்ற காலப்பயணியின் கதையான 'டாக்டர் ஹூ' தொடரில் 1966-இல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் விலகி பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தபோது அட்டை போடாமல், டாக்டரின் உடம்பே மாறுவதாகக் காட்டினார்கள். டாக்டர் பிறந்த வேற்றுக்கிரக இனத்தின் இயல்பே அது என்பதும், 'ரீஜெனரேஷன்' என்ற பெயரும் பின்னால் வந்து சேர்ந்தவை. அந்தப் பெயர் 1974-இல்தான் வந்தது.

ரசிகர்களே உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்து முரணைத் தீர்ப்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். இலக்கணத்தில் 'வழுவமைதி' இருக்கிறது. வழுதான், ஆனால் ஒரு காரணத்தை முன்னிட்டு ஏற்றுக்கொள்வது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம். மார்வெல் காமிக்ஸ் 1960-களில் தொடங்கிய 'நோ-பிரைஸ்' என்ற பரிசை, பின்னாளில் இப்படி வழுவமைதி எழுதி அனுப்பிய வாசகர்களுக்கே கொடுத்தது. பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் உறைதான்.

திருத்தமும் கிடைக்காமல் அமைதியும் காணாமல் நிற்கும் வழுக்களும் உண்டு. 'டாக்டர் ஹூ'வில் யூனிட் என்ற ராணுவப் பிரிவின் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன? 1975-இல் வந்த கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன், தான் 1980-ஐச் சேர்ந்தவள் என்கிறாள். அவள் காலத்தில் யூனிட்டுக்குத் தலைமை பிரிகேடியர்தான். 1983-இல் வந்த கதையிலோ, 1977-லேயே அவர் ஓய்வு பெற்றுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். 2008-இல் டாக்டரே யூனிட்டில் வேலை பார்த்த காலத்தை நினைவுகூரும்போது, எழுபதுகளா எண்பதுகளா என்று இழுக்கிறார்.