சைக்கிளில் போகிறவருக்கும் இழப்பீடு உண்டு

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன் போகிற சாலையில் சைக்கிளுக்குக் கிடைப்பது வெள்ளைக்கோட்டுக்கு வெளியே உள்ள ஓரம்தான். அதே ஓரத்தில்தான் கூடைக்காரப் பெண்கள் நடக்கிறார்கள், ஆடு மேய்கிறது, வேன் நிற்கிறது.

போன ஆடியில் என் அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் வரும்போது, ஒரு மினி லாரி ஹேண்டில்பாரை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "வண்டி நம்பரே தெரியல, யார்கிட்டப் போய்க் கேக்கிறது?" என்றார் அண்ணன். பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

விடக் கூடாது. மோதிய வண்டி தெரியாமல் போனாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்பு இது 25,000, 12,500 என்றுதான் இருந்தது. எலும்பு முறிவு, பல் உடைவு எல்லாம் கொடுங்காயம்தான். அடிபட்டவர் சைக்கிளில் வந்தாரா, நடந்து வந்தாரா என்பது பிரச்சினையே இல்லை. சைக்கிளுக்கு லைசென்ஸும் தேவையில்லை, இன்சூரன்ஸும் தேவையில்லை.

முதலில் 108. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். அது இல்லாமல் எதுவும் நகராது. அதோடு காயச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களை இணைத்து, படிவம் 1-ஐ நிரப்பி, வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகம் என்று தாலுகா ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்து அறிக்கையை மேலே அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்த 15 நாளில் உத்தரவு வர வேண்டும்.

வண்டி நம்பர் தெரிந்தால் வழி வேறு. வக்கீலைப் பார்த்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். 6 மாதம் தாண்டாமல் போட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்த வண்டியும் படாமல், தானாகச் சறுக்கி விழுந்தால் இந்த இழப்பீடு வராது. நம் கரையில் அப்படி விழ வைப்பதுதான் அதிகம். தனுஷ்கோடி பக்கம் தார் மேல் மெல்லிசாக மணல் படிந்திருக்கும்; தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். மீன் வண்டி சிந்திய தண்ணீரிலும் அப்படித்தான். பாம்பன் பாலத்தில் பஸ் பக்கத்தில் வரும்போது காற்று அடங்கும், கடந்ததும் சட்டென்று அறையும். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டிய நேரம் அது. ஆடிக் காற்று பலமாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லி பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.