குறை தீரட்டும் என்று காத்திருக்கும் தொழில்கள்

1960இல் டெட் நெல்சன் என்ற அமெரிக்க இளைஞருக்கு ஒரு யோசனை வந்தது: உலகில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் கணினிக்குள் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். இப்படி இணைப்புகளால் பின்னப்பட்ட எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவர்தான். திட்டத்துக்கு ஸானடு என்று பெயர் வைத்தார்.

அவர் கேட்ட இணைப்பு லேசுப்பட்டதல்ல. ஒரு கட்டுரை இன்னொன்றைச் சுட்டினால், சுட்டப்பட்ட கட்டுரைக்கும் அது தெரிய வேண்டும். இணைப்பு எக்காலத்திலும் அறுந்துபோகக் கூடாது. மேற்கோள் காட்டப்படும் வரிகளுக்கு, எழுதியவர் கையில் சிறு தொகையும் சேர வேண்டும். 1988இல் ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம் இதில் பணம் போட்டது. ஆனால் கையில் இருந்த நிரலைச் செப்பனிட்டு வெளியிடுவதற்குப் பதில், குழு அதை வேறொரு கணினி மொழியில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தது. 1992இல் ஆட்டோடெஸ்க் விலகிக்கொண்டது.

அதே ஆண்டுகளில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இன்று நாம் இணையப் பக்கங்களைப் பார்க்கும் வலையை (World Wide Web) உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய இணைப்பு வெறும் ஒருவழிப் பாதை. சுட்டப்பட்ட பக்கத்தை யாராவது நீக்கிவிட்டால் '404' என்று ஒரு பிழைச்செய்தி வரும், அவ்வளவுதான். 1991இல் ஹைப்பர்டெக்ஸ்ட் நிபுணர்களின் மாநாடு அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. செய்துகாட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். வலையோ அந்த ஆண்டே வெளியுலகுக்கு வந்துவிட்டது. ஸானடுவின் ஒரு வடிவம் வெளியானது 2014இல். வலையின் இணைப்புகள் அறுந்துபோகும் என்று நெல்சன் சொன்ன குறை இன்றும் உண்மை. அவர் பார்வையில் பிழையில்லை. ஆனால் அந்தக் குறையோடு வந்த வலையைத்தான் உலகம் பயன்படுத்துகிறது.

திறமையான ஆட்களும் பணமும் இருந்தும் வேலை ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகிறது? 'தரம் பார்ப்பதால்தான் தாமதம்' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உளவியல் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற மனப்போக்கான பெர்ஃபெக்‌ஷனிசத்தில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று, உயர்ந்த இலக்கு வைத்து உழைப்பது. மற்றது, தவறு நேர்ந்தால் என்ன ஆகும், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் இழை வலுவாக உள்ளவர்கள் வேலையைக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இரண்டாவது இழை உள்ளவர்கள்தான் அதிகம் தள்ளிப்போட்டார்கள். அதாவது, தாமதத்தோடு சேர்ந்து வருவது தரமல்ல, பயம்.

தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதில்லை, மனநிலையைச் சமாளிக்கும் ஒரு வழி அது என்பது உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோய், டிமதி பிச்சில் ஆகியோரின் விளக்கம். நாளைக்கு உங்கள் தொழிலின் இணையதளத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் பிசைகிறது. 'லோகோவை மட்டும் ஒருமுறை மாற்றிவிட்டு அடுத்த வாரம் திறக்கலாம்' என்று முடிவெடுத்ததும் பிசைவது நின்றுவிடுகிறது. ஒரு செயல் வேதனையை உடனே நீக்கினால், மூளை அதைத் திரும்பச் செய்யப் பழகிக்கொள்ளும். அடுத்த வாரம் அதே பயம் வரும், லோகோவுக்குப் பதில் விலைப்பட்டியல் மாறும். இதில் இன்னொரு சிக்கல்: தாமதம் கூடக்கூடப் போட்ட பணமும் சொல்லி வைத்த பெருமையும் கூடுகின்றன. 'இத்தனை நாள் எடுத்துக்கொண்டு இதுதானா?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் சேர்ந்துகொள்ள, திறப்பது முன்னைவிடக் கடினமாகிறது. உழைத்துக்கொண்டே இருப்பதால் இது தள்ளிப்போடுதல் என்று தள்ளிப்போடுபவருக்கே தெரிவதில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த உழைப்பு வீணாகவும் போகலாம். வாங்குபவர் யார், எதற்காக வாங்குவார் என்ற தகவல் அறைக்குள் கிடைக்காது, எத்தனை மாதம் மெருகேற்றினாலும் சரி. 1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் காலணி விற்க நினைத்தபோது கிடங்கு கட்டவில்லை, சரக்கும் வாங்கவில்லை. உள்ளூர்க் கடையில் இருந்த ஜோடிகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபம் வராத ஏற்பாடுதான். ஆனால் போட்டுப் பார்க்காமல் காலணி வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அப்புறம்தான் அது ஸாப்போஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது, 2009இல் அமேசான் அதை வாங்கியது.

அவர் செய்ததில் இன்னொன்றும் இருக்கிறது: தோற்றாலும் போவது சில ஜோடிகளின் விலைதான். தவறின் விலை சிறிதானால் பயமும் சிறிதாகிறது. 'பயப்படாதே' என்று சொல்வதைவிட இதுவே வேலை செய்யும் என்று நினைக்கிறேன். தெரிந்த பத்துப் பேருக்கு மட்டும் விற்றுப் பார்ப்பது, இந்த முதல் விற்பனையில் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, தேதியை வேறொருவரிடம் சொல்லிவிடுவது எல்லாம் இதற்கு உதவும்.

எல்லாத் தொழிலுக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. மருந்து, மின்சாதனம், குழந்தை உணவு போன்றவற்றில் முதல் பொருளே பாதுகாப்பாக இருந்தாக வேண்டும். சத்துமாவில் நிலக்கடலை சேர்ந்திருந்தால், அதைச் சொல்லும் வரி முதல் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும், ஏனென்றால் கடலை ஒவ்வாமை உயிரையே பறிக்கக்கூடும். பாக்கெட்டின் நிறத்தை இரண்டாவது தொகுதியில் மாற்றிக்கொள்ளலாம்.