கைஜூ: ‘ராட்சத விலங்கு’ என்றால் போதுமா?

கைஜூ, காட்ஸில்லா போல ஊரை இடிக்க வரும் திரைப்படப் பிராணிகளைக் குறிக்கும் ஜப்பானியப் பெயர்ச்சொல். ஒருமைக்கும் பன்மைக்கும் அங்கே ஒரே வடிவம்தான். கடைசி எழுத்து நெடில். ஆங்கிலத்தில் நெடில் குறி போடாமல் எழுதுவதைப் பார்த்துத் தமிழிலும் ‘கைஜு’ என்று குறுக்கிவிடுகிறார்கள். நெடிலுக்கென்று தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு அந்தச் சிக்கனம் எதற்கு? முதலில் நிற்கும் ‘கை’க்கும் நம் கைக்கும் உறவில்லை. ‘விந்தையான, என்னவென்று விளங்காத’ என்பது அதன் பொருள்.

பெங்களூர் மால் தியேட்டர்களில் இந்த வகைப் படம் ஒன்று வந்தால் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் ஓடும். படம் விட்டு பார்க்கிங்குக்கு இறங்கும் எஸ்கலேட்டரிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். “லாஜிக்கே இல்ல மச்சா, அவ்ளோ பெரிசா இருந்தா நின்ன இடத்துலயே கால் ஒடிஞ்சிரும்.” “கைஜூ படத்துக்கு வந்து லாஜிக் தேடுறியே!” சாவியைத் தேடி பைக்கை எடுக்கிற வரைக்கும் இது முடியாது. முதல் ஆள் பார்த்தது ஒரு ராட்சத விலங்கு. இரண்டாவது ஆள் பார்த்தது ஒரு கைஜூ. பெயர் மாறினால் படத்தின் குறைகளின் பட்டியலும் மாறிவிடும்.

இந்தச் சொல்லை இரண்டு சித்திர எழுத்துகளால் எழுதுவார்கள். முதல் எழுத்தின் இடப்பக்கம் நிற்கும் உறுப்பு நெஞ்சைக் குறிப்பது. இரண்டாவது எழுத்து ‘விலங்கு’. அதன் வலப்பக்கம் நாய் இருக்கிறது. உருவம் பெரியது என்பதற்கு இரண்டு எழுத்திலும் ஒரு கோடுகூட இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முன்னால் ‘டாய்’ சேர்த்து ‘டாய்கைஜூ’ என்பார்கள். அதே ‘கை’யை வைத்து அவர்களிடம் இன்னும் பல சொற்கள் உண்டு. ‘கைதான்’ என்றால் பேய்க்கதை. ‘யோகை’ என்பது ஊருக்கு ஊர் உலவும் பேய், பூதம், குட்டிச்சாத்தான் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். மனித வடிவில் வரும் விந்தைப் பிறவி ‘கைஜின்’. ஆக, கைஜூவின் சொந்தபந்தமெல்லாம் பேய்ப் பக்கம். டைனோசர் பக்கத்தில் அதற்கு ஆளில்லை.

சொல் பிறந்த இடம் சீனா. மலைகளையும் கடல்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் ஷான்ஹாய் ஜிங் என்ற பழஞ்சீன நூலில், இன்ன மலையில் விந்தை விலங்குகள் மிகுதி என்று இதே இரண்டு எழுத்துகள் வருகின்றன. நூலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது. அந்தப் பழைய சொல்லைத் திரைக்கு இழுத்து வந்தது 1954. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றில் இருந்த 23 பேர் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. எட்டு மாதம் கழித்து நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘கோஜிரா’ வெளியானது. அதன் விளம்பரத்திலேயே ‘ஹைட்ரஜன் குண்டு டாய்கைஜூப் படம்’ என்று போட்டிருந்தார்கள். கொரில்லாவுக்கு ஜப்பானியர் சொல்லும் ‘கொரிரா’வையும், திமிங்கிலத்துக்குச் சொல்லும் ‘குஜிரா’வையும் ஒட்டவைத்த பெயர் அது. அதன் ஆங்கில வடிவமான ‘காட்ஸில்லா’வில் கேட்கும் கடவுள் (God), ஆங்கில எழுத்துக்கூட்டல் கொண்டுவந்தது, மூலப் பெயரில் அது கிடையாது.

எது கைஜூ, எது இல்லை என்பதற்கு ரசிகர்கள் கையாளும் சோதனை எளிது. துப்பாக்கியால் சுட்டோ மயக்க ஊசி போட்டோ அடக்க முடிந்தால் அது விலங்கு. பூங்காவிலிருந்து தப்பிய டைனோசர் எவ்வளவு பெரிதானாலும் இதில் அடங்கிவிடும். பேசினால், பழிவாங்கக் காரணம் வைத்திருந்தால், அது வேறு வகை. 2018இல் வந்த ‘2.0’ படத்தில் செல்போன்களால் ஆன மாபெரும் பறவை நகரத்தைக் கலக்கியது. நம் ஊர்ப் படங்களில் கைஜூவின் தோற்றத்துக்கு மிக அருகில் வந்தது அதுதான். ஆனால் அந்தப் பறவைக்குப் பெயர் உண்டு, முன்கதை உண்டு, நியாயம் உண்டு, வசனமும் உண்டு. அது பழிதீர்க்க வந்த ஆவி. கைஜூவிடம் நியாயம் கேட்க முடியாது. புயலிடம் கேட்பீர்களா?

‘அரக்கன்’, ‘ராட்சசன்’ இரண்டும் சரிப்படாமல் போவது இங்கேதான். அரக்கனுக்குக் குலம், தம்பி தங்கை, வாங்கிய வரம் எல்லாம் வேண்டும். கும்பகர்ணன் மலையளவு உடம்பு உள்ளவன்தான். போருக்குப் போகும் முன் அண்ணனுக்கு அறம் சொல்லிவிட்டுப் போனவன். ‘ராட்சத’ என்று அடைமொழி ஆக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ராட்சத ராட்டினம், ராட்சதக் குழாய், ராட்சத அலை என்று புழங்கிப் புழங்கி அதில் மிஞ்சியிருப்பது பருமன் மட்டும்தான். டப்பிங் பட விளம்பரங்கள் இதையே பிடித்துக்கொண்டதால், பார்க்க வருபவரும் அளவுகோலோடு வருகிறார்.

சரி, அளவுகோலையும் வைத்துப் பார்ப்போம். 1954இன் கோஜிராவுக்கு 50 மீட்டர் உயரம். அன்றைய டோக்கியோவில் கட்டடங்களுக்கு 31 மீட்டர் உச்சவரம்பு இருந்தது, ஆகவே கூரைகளுக்கு மேல் தலை தெரிய 50 போதும். நகரம் வளர வளர அதையும் வளர்க்க வேண்டியிருந்தது: 1984இல் 80 மீட்டர், 1991இல் 100, 2016இல் 118.5. பழைய 50 மீட்டர்க்காரரை இன்று பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் 25 மாடி யுட்டிலிட்டி பில்டிங் பக்கத்தில் நிறுத்தினால் பாதிக்குத்தான் வருவார்.

கால் ஒடியும் என்ற வாதம் கணக்கில் சரி. 2 மீட்டர் ஆளை 50 மீட்டர் ஆக்கினால் உயரம் 25 மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்பு 625 மடங்கு, எடையோ 15,625 மடங்கு. ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் 25 மடங்கு சுமை தாங்க வேண்டும். 100 கிலோ ஆளாக இருந்தால் எடை சுமார் 1,560 டன் ஆகும். வாலையும் பருத்த உடம்பையும் சேர்த்து மூன்று மடங்கு கூட்டினாலும் 5,000 டன் தாண்டாது; படத்துக்காரர்கள் கொடுத்த எடை 20,000 டன். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தின் குறையாக இதை எழுத முடியாது. விளங்காதது என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.

இதையே சாக்காக வைத்து “கைஜூ படம்னா அப்படித்தான்” என்று எல்லாவற்றையும் மூடி மறைப்பதும் நடக்கிறது. அங்கே ரசிகர்களோடு எங்களுக்கு ஒப்புதல் இல்லை. ‘கை’ அந்தப் பிராணிக்குக் கொடுத்த சலுகை. கேமராவுக்கும் அனிமேஷனுக்கும் அது செல்லாது. பெரிய உடம்பு பெரியதாகத் தெரிவது வேகத்தைப் பொறுத்தது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட 3.2 வினாடி ஆகும், 2 மீட்டரிலிருந்து விழுவதற்கு 0.64 வினாடி. நீளம் 25 மடங்கானால் நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்காகிறது. ரப்பர் உடைக்குள் ஆளை நிறுத்தி, 25இல் ஒரு பங்கு அளவில் செய்த பொம்மை நகரத்தை இடிக்கும் முறைக்கு இதுதான் அடிப்படை. வழக்கமாக வினாடிக்கு 24 பிரேம் என்றால் இங்கே 120 எடுத்து 24இல் ஓட்ட வேண்டும். பிரேம் ஐந்து மடங்கானால் ஒளியும் ஐந்து மடங்கு வேண்டும். அந்த விளக்குச் சூட்டில், 100 கிலோ அளவுக்குக் கனத்த முதல் கோஜிரா உடையை மாட்டிக்கொண்டு நடந்தவர் ஹருவோ நகாஜிமா.

இன்று எல்லாம் கம்ப்யூட்டரில் முடிகிறது, வேகத்தை இஷ்டத்துக்கு வைக்கலாம். குறையும் அங்கேதான் வருகிறது. நாம் ஒரு அடி எடுத்து வைக்க அரை வினாடி ஆகிறது என்றால் 50 மீட்டர் உருவத்துக்கு இரண்டரை வினாடி ஆக வேண்டும், 100 மீட்டருக்கு மூன்றரை. சண்டைக் காட்சியில் அது ஒரு வினாடிக்கு இரண்டு குத்து விட்டால், எவ்வளவு நுணுக்கமாகச் செதில் வரைந்திருந்தாலும் உடை மாட்டிய ஆள் போலத்தான் தெரியும். வி.எஃப்.எக்ஸ். எனப்படும் கம்ப்யூட்டர் காட்சி வேலை செய்பவர்கள் ‘வெயிட் இல்லை’ என்று உதட்டைப் பிதுக்குவது இதற்குத்தான். தண்ணீரும் காட்டிக்கொடுக்கும். பொம்மை நகரத்தில் தெறிக்கும் 4 மில்லிமீட்டர் துளி, திரைக் கணக்கில் 10 சென்டிமீட்டர் உருண்டையாகிவிடும். துளியை மட்டும் சின்னதாக்க வழி கிடையாது. மூன்றாவது, கேமரா நிற்கும் இடம். தெருவில் நிற்கும் ஆளின் கண் மட்டத்திலிருந்து அண்ணாந்து காட்டினால் வயிறு கலங்கும், வானத்திலிருந்து வட்டமிட்டுக் காட்டினால் அதே உருவம் பல்லி ஆகிவிடும். “பத்து நிமிஷம்தான்டா வந்துச்சு” என்ற புகாரைவிட, வந்த பத்து நிமிடத்தில் கேமரா எங்கே நின்றது என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

இனி தமிழ்ச் சொல். ‘யாளி’ உருவத்தால் நெருங்கி வருகிறது: சிங்க உடல், யானைத் துதிக்கை, எந்த விலங்கியலுக்கும் பிடிபடாத கலப்பு. ஆனால் அது கோயில் தூணில் காவல் நிற்பது, ஊரை இடிக்க வருவதில்லை. ‘விந்தை விலங்கு’ எழுத்துக்கு எழுத்து சரி, காதுக்கு இரண்டு தலை ஆட்டுக்குட்டி மாதிரி ஒலிக்கிறது. ‘மா’வுக்கு விலங்கு என்ற பழம்பொருள் உண்டு, ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்கிறது தொல்காப்பியம். அச்சம் தரும் ‘சூர்’ என்பதோடு சேர்த்து ‘சூர்மா’ ஆக்கலாம் என்று ஆசை வரும். அருணகிரிநாதர் முந்திக்கொண்டார். ‘சூர்மா மடியத் தொடு வேலவனே’ என்னும்போது அது மாமரமாக நின்ற சூரன். கன்னடத்தில் பெரும் பூதத்துக்குப் ‘பெடம்பூத’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, பெங்களூர்த் தமிழர் காதில் தினமும் விழுவதுதான். ஆனால் ஊழல் என்னும் பெடம்பூதம் என்ற வகையில் உவமையாகவே அது தேய்ந்துவிட்டது.

எங்கள் தேர்வு ‘பேய்விலங்கு’. பேய்மழை என்றால் யாரும் ஆவியை நினைப்பதில்லை. அளவு கடந்தது, அடங்காதது, ஊரை அழிப்பது என்றே புரிந்துகொள்கிறோம். பேய்க்காற்றும் அப்படித்தான். பேய்ச்சுரை, பேய்க்கரும்பு என்னும்போது, பார்க்க நம்முடையது போல் இருந்தும் நமக்கு ஆகாதது என்ற இன்னொரு பொருளும் வந்து சேர்கிறது. கைதான் பேய்க்கதை என்றால் கைஜூ பேய்விலங்கு. ஜப்பானியத்தில் உள்ள உறவு தமிழிலும் அறுபடாமல் நிற்கிறது. ஒரு தடங்கல் உண்டு: வெறிநாயைப் ‘பேய்நாய்’ என்ற பழைய வழக்கு இருப்பதால், வெறிபிடித்த விலங்கு என்று சிலருக்குத் தோன்றலாம். திரைப்படம் பற்றிய பேச்சில் அந்தக் குழப்பம் வராது. ‘கைஜின்’னுக்கு மட்டும் இந்த வழி உதவாது, ‘பேயன்’ என்று எழுதினால் திட்டியதாகிவிடும்.

ஜப்பானிய மொழியிலிருந்து வந்த ‘சுனாமி’ என்ற சொல்லை 2004க்குப் பிறகு எல்லோரும் அப்படியே சொல்கிறோம், ஆழிப்பேரலையும் எழுத்தில் கூடவே நடக்கிறது. கைஜூவுக்கும் அதே ஏற்பாடு போதும். கட்டுரையில் முதல்முறை ‘கைஜூ எனப்படும் பேய்விலங்கு’ என்று எழுதிவிட்டுப் பிறகு எது வாயில் வருகிறதோ அதை எழுதலாம். பன்மைக்குக் கைஜூக்கள், பேய்விலங்குகள். டாய்கைஜூவுக்குப் பெரும்பேய்விலங்கு. சேர்த்தே எழுத வேண்டும். ‘பேய்விலங்குப் படம்’ என்பதில் ஒற்று மிகும். ‘பேய்ப்படம்’ என்று சுருக்கினால் டிக்கெட் எடுப்பவர் வெள்ளைச் சேலையை எதிர்பார்த்து வருவார்.