காற்றுக்கு முன்னால் கம்பி

காற்று பலமாக வீசுகிறது. காற்றாலை மட்டும் சும்மா நிற்கிறது. பழுது ஒன்றும் இல்லை. உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இறக்கைகள் ஒவ்வொன்றும் தன் அச்சில் திரும்பி, காற்றுக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2009-இல் கிடைத்திருக்கவேண்டிய காற்று மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம் இப்படித்தான் வீணானது.

காற்று இருப்பது மேற்கே, ஆள் நடமாட்டம் குறைந்த சமவெளியில். மின்சாரம் வேண்டியது டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற கிழக்கத்திய நகரங்களுக்கு. நடுவில் பல நூறு கிலோமீட்டர். இருந்த கம்பிகளுக்கோ அவ்வளவு சுமக்கத் தெம்பில்லை.

கம்பிக்கு என்ன தெம்பு என்று கேட்கலாம். மின்னோட்டம் கூடினால் கம்பி சூடாகும், சூடானால் நீளும், நீண்டால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொய்யும். தொய்ந்த கம்பி மரக்கிளையை நெருங்கினால் தொடக்கூட வேண்டாம், மின்பொறி தாவிவிடும். அதோடு, ஒரு மின்கம்பித் தடம் திடீரென்று செயலிழந்தால் அதன் சுமையை மற்றத் தடங்கள் உடனே ஏற்கவேண்டும். அதனால் எந்தத் தடத்தையும் முழுதாக நிரப்பி ஓட்டமாட்டார்கள். பார்க்கிறவருக்குக் கம்பியில் இடம் காலியாக இருப்பதுபோலத் தோன்றும். அது விபத்துக்கென்று ஒதுக்கிய இடம்.

சரி, மின்னழுத்தத்தை உயர்த்தலாமே? அதுதான் வழி. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே மின்திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதே கம்பியில் இழப்பு கால்பங்காகிவிடும். ஆனால் அதற்குப் புதிய தடம் போடவேண்டும்.

சிக்கல் அங்கேதான். காற்றாலைப் பண்ணையை ஓரிரு வருடத்தில் எழுப்பிவிடலாம். வழியெல்லாம் நிலம் வாங்கி, அனுமதி பெற்றுத் தடம் போட ஐந்து வருடமாவது ஆகும். கம்பி இல்லாத இடத்தில் காற்றாலைக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். காற்றாலை இல்லாத இடத்துக்குக் கம்பி எதற்கு என்று ஒழுங்குமுறை ஆணையம் கேட்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

டெக்சாஸ் 2005-இல் ஒரு சட்டம் போட்டு இந்த வரிசையைத் திருப்பிவிட்டது. காற்று வளம் எங்கே என்று பார்த்து ஐந்து மண்டலங்களைக் குறித்தார்கள். புதிய காற்றாலைகள் வருவதற்கு முன்பே, மொத்தம் சுமார் 18,500 மெகாவாட் காற்று மின்சாரத்துக்கு இடம் தரும் தடத் திட்டத்தை 2008-இல் முடிவுசெய்தார்கள். 345 கிலோவோல்ட், ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர். 2014 தொடக்கத்தில் வேலை முடிந்தபோது, சுமார் 490 கோடி டாலர் என்று போட்ட கணக்கு 690 கோடியை ஒட்டி வந்து நின்றது.

அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்பதில்தான், என் பார்வையில், பொறியியலைவிடப் பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. அஞ்சல்தலைக்கு ஊர் தூரமா பக்கமா என்ற கணக்குக் கிடையாது அல்லவா? அதேபோல மாநில மின்கட்டமைப்பில் இருக்கும் எல்லாப் பயனீட்டாளர்களிடமும் செலவைப் பரப்பிவிட்டார்கள். காற்றாலைக்காரர் மட்டும் சுமந்திருந்தால் முதல் கோபுரமே எழும்பியிருக்காது. அந்தக் கட்டமைப்பு ஏறக்குறைய முழுக்க ஒரே மாநிலத்துக்குள் அடங்கியதும் வசதியாகப் போனது, பக்கத்து மாநிலங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

2014-இல் வீணான பங்கு அரை சதவீதம். கம்பி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2010 இறுதியில் மின்சந்தை விதிகளை மாற்றியதும் கைகொடுத்தது.

அப்புறம் அந்தக் கம்பிகளும் நிரம்பத் தொடங்கின. காற்றோடு சூரிய மின்சாரமும் அதே பக்கத்தில் வந்து குவிந்தது. அதே மேற்கு டெக்சாஸில்தான் பெர்மியன் எண்ணெய் வயல்களும் இருக்கின்றன. அங்கே டீசலிலும் எரிவாயுவிலும் ஓடிய இயந்திரங்கள் மின்சாரத்துக்கு மாறி வருகின்றன. காற்று ஓய்ந்த இரவிலும் அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். 2025 ஏப்ரலில் மாநில ஆணையம் அங்கே 765 கிலோவோல்ட் தடங்களுக்கு ஒப்புதல் தந்தது. இந்த முறை மின்சாரத்தை மேற்கே கொண்டுபோவதற்கு.