ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் என் அறைக்குத் தடித்த கோப்புகளோடு பெற்றோர் வருவார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சிலவற்றில் எண்டோஸ்கோபிகூட இருக்கும். எதிலும் ஒரு குறையும் இருக்காது. பிள்ளையின் கையில் மந்திரித்த கயிறு இருக்கும். மனநல மருத்துவரின் வாசல் கடைசி வாசல்தான். அது எனக்குப் பழகிவிட்டது.

அப்படி வந்தவன் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆறு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் சீருடையை எடுத்து வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். சில நாள் வாந்தி. வேன் போய்விட்டால் பத்து மணிக்குத் தோசை கேட்பான். ஞாயிற்றுக்கிழமை வலியே கிடையாது. "நடிக்கிறான் டாக்டர், நாலு போட்டால் சரியாகிவிடும்" என்றார் அப்பா. போட்டும் பார்த்திருக்கிறார்.

அவன் நடிக்கவில்லை. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, குடலின் இயக்கம் தாறுமாறாகிறது. வலி உண்மையாகவே வருகிறது. நேர்காணல் நாளில் நாம் இரண்டு முறை கழிவறைக்கு ஓடியதில்லையா? வேன் போனதும் பயம் தணிகிறது, வலியும் போகிறது. அதைப் பார்த்துத்தான் வீட்டார் பொய் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

மட்டம் போடுவது வேறு. மட்டம் போடுகிறவன் வீட்டுக்குத் தெரியாமல் பையோடு கிளம்பிக் கண்மாய்க்கரையில் பொழுதைக் கழிப்பான். இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தே வீட்டில் கிடப்பார்கள். 1941இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் அடிலெய்ட் ஜான்சனும் அவருடைய சகாக்களும் இதற்குப் 'பள்ளி அச்சம்' என்று பெயரிட்டார்கள். ஆனால் தாயைப் பிரியும் பயமே இதன் அடியில் இருக்கிறது என்பதையும் அவர்களே எழுதினார்கள். இன்று 'பள்ளி மறுப்பு' என்கிறோம்.

மூன்றாவது சந்திப்பில், அம்மாவை வெளியே இருக்கச் சொன்ன பிறகு, சிறுவன் வாய் திறந்தான். ஆகஸ்டில் ஒரு நாள் வீட்டில் பெரிய சண்டை. "நீ ஸ்கூல் விட்டு வரும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன்" என்று அம்மா அழுதிருக்கிறார். கோபத்தில் சொன்னது, அவருக்கே நினைவில்லை. மகன் அன்றிலிருந்து காவல் இருக்கிறான்.

முதல் மருந்துச்சீட்டை அம்மாவுக்கு எழுதினேன். அவருக்கு இருந்தது மனச்சோர்வு.

வளரிளம் பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கலானது. தமிழ் வழியில் பத்தாவது வரை முதல் மாணவியாக இருந்தவள், பிளஸ் ஒன்னில் ஆங்கில வழி வகுப்பில் எழுந்து நிற்கவே கூசுகிறாள். இன்னொருவனுக்கு எழுத்துக்கள் தடுமாறும் கற்றல் குறைபாடு. ஒன்பது ஆண்டுகள் அவனைச் சோம்பேறி என்றே அழைத்திருக்கிறார்கள். 2015–16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பென்றால் ஏறக்குறைய மூன்று பேர்.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது சிகிச்சையைவிடச் சான்றிதழைத்தான். "இரண்டு மாதம் ஓய்வு என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் தனித்தேர்வராக எழுதட்டும்." பெரும்பாலும் மறுத்துவிடுவேன், அதனால் கெட்ட பெயரும் உண்டு. வீட்டில் தங்கும் ஒவ்வொரு நாளும் 'போகாமல் இருந்தால் நிம்மதி' என்ற பாடம் மூளைக்கு மறுபடி பதிகிறது. அதற்குள் நண்பர்கள் வேறு கூட்டாளிகளைத் தேடிக்கொள்வார்கள், பாடம் எங்கோ போயிருக்கும். ஒரு விலக்கு உண்டு: பள்ளியில் யாராவது அடித்தாலோ, கேலியால் வதைத்தாலோ, தகாத முறையில் தொட்டாலோ முதலில் சரிசெய்ய வேண்டியது பள்ளியை. அதுவரை பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 அதற்குத்தான் இருக்கிறது.

போகாத நாளில் வீடு சிறையாகவும் வேண்டாம், திருவிழாவாகவும் வேண்டாம். வழக்கமான நேரத்தில் எழட்டும், குளிக்கட்டும், பள்ளி நேரம் முடியும்வரை செல்போனும் டிவியும் வேண்டாம். "ஏன் போகவில்லை?" என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், வண்டியில் போகும்போது, முகம் பார்க்காத நேரத்தில், "அங்கே எந்த நேரம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சிறுவனைக் கடைசிப் பாடவேளையிலிருந்து தொடங்கினோம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும், எல்லோரோடும் சேர்ந்து மணியடித்ததும் வெளியே வரலாம். அடுத்த வாரம் மதியத்திலிருந்து. உணவு இடைவேளையில் வகுப்பாசிரியையின் செல்போனில் அம்மாவோடு ஒரு நிமிடம் பேச ஏற்பாடு. இடையில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் சரிந்து, மறுபடி கடைசிப் பாடவேளைக்கே திரும்பினோம். அரையாண்டுத் தேர்வை முழுதாக எழுதினான். ஜனவரியில் அவனே அந்தத் தொலைபேசி அழைப்பை நிறுத்திவிட்டான். அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆட வேண்டியிருக்கிறதாம்.