ஸ்ப்ரூஸ் வேறு, தேவதாரு வேறு

ஸ்ப்ரூஸ் (spruce) என்பது குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரம். மொழிபெயர்க்கும்போது அந்தப் பெயரைப் பார்த்ததும் ‘தேவதாரு’ என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. தேவதாரு இமயமலை மரம், அதன் ஊசியிலைகள் கொத்துக்கொத்தாக இருக்கும். போதாக்குறைக்கு நம்மூர்ப் புதர்க்காடுகளில் வளரும் செம்புளிச்சான் என்ற சிறுமரத்துக்கும் தேவதாரம் என்ற பெயர் உண்டு, அந்தக் குழப்பத்தில் இன்னொரு மரத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

சரி, ஸ்ப்ரூஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பால்டிக் கடலோரத்தில் முன்பு இருந்த பிரஷ்யா நாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் வழங்கிய பெயர்தான் அது. அங்கிருந்து வந்த தோல், பலகை, பெட்டி என்று எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஒட்டிச் சொன்னார்கள், நாம் சீமையெண்ணெய் என்று சொன்னதுபோல. கடைசியில் மரத்துக்கே அது பெயராக நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வளரும் கருப்பு ஸ்ப்ரூஸைப் பற்றி. கனடாவிலும் அலாஸ்காவிலும் ஏராளம், நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடாரின் மாகாண மரமே இதுதான். அறிவியல் பெயர் பைசியா மரியானா. மரியானா என்றால் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது, 1768இல் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் வைத்தது; ஆனால் மேரிலாண்டில் இது இயற்கையாக வளர்வதே இல்லை!

அடையாளம் காண ஓர் ஊசியைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டை இருப்பதால் உருளும்; பக்கத்திலேயே வளரும் பால்சம் ஃபர் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தின் ஊசி தட்டை, அது உருளாது. அப்புறம் இளங்கிளையைப் பாருங்கள், துருநிறத்தில் நுண்ணிய மயிர் இருக்கும், இதன் இனமான வெள்ளை ஸ்ப்ரூஸில் இளங்கிளை வழவழப்பு. அதே சேற்றில் நிற்கும் டமராக் என்ற ஊசியிலை மரம் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி ஊசிகளை உதிர்த்துவிடும், இது உதிர்க்காது. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும் இதன் கூம்புகள் பல வருடம் உச்சியிலேயே அப்பிக்கொண்டிருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் நுனி மட்டும் தடித்துத் தெரியும், காட்டுத்தீயின் சூடு பட்டதும் அவை விரிந்து விதைகளைக் கொட்டும். தாழ்ந்த கிளைகள் பாசிக்குள் புதைந்து வேர்விட்டுத் தாய்மரத்தைச் சுற்றிக் கன்றுகளாக எழும். நாம் மல்லிகைக்குப் போடுகிற பதியனை இந்த மரம் தானே போட்டுக்கொள்கிறது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘ஊசியிலை மரம்’ என்பது இந்த வகை மரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், அது போதாது. பைசியா என்ற பெயருக்கு அடியில் இருப்பது ‘பிக்ஸ்’ என்ற லத்தீன் சொல், அதற்கு மரப்பிசினிலிருந்து காய்ச்சி எடுக்கும் கீல் என்று பொருள். படகின் இடுக்குகளில் பூசுகிற அதே கீல். அதனால் கருங்கீல் மரம் என்பதே என் தேர்வு. புதுச்சொல் என்பதால் முதல் முறை எழுதும்போது கருப்பு ஸ்ப்ரூஸ் என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.